பவர்போட் பந்தய நாளில் ஆற்றை அடைப்பதும் திறப்பதும்

பவர்போட் என்கிற அதிவேக எஞ்சின் படகை ஓட்டுபவர் ஆபத்து என்று தெரிந்தேதான் தண்ணீரில் இறங்குகிறார். தலைக்கவசம் இருக்கிறது, மிதவை அங்கி இருக்கிறது, அவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினைத் தானே நிறுத்தும் கயிறு உடம்பில் மாட்டியிருக்கிறது. அதே ஆற்றில் அக்கரைக்குத் தேங்காய் ஏற்றிப்போகும் வள்ளக்காரருக்கு இதில் எதுவும் கிடையாது. போக்குவரத்துக் கட்டுப்பாடு முதலில் அவருக்காகத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். மணிக்கு 120 கிலோமீட்டரில் ஓடும் படகு நொடிக்கு 33 மீட்டர் கடக்கிறது. துடுப்போ சின்ன எஞ்சினோ வைத்த வள்ளம் மணிக்கு 8 கிலோமீட்டர் போனால் நொடிக்கு இரண்டே கால் மீட்டருக்கும் குறைவு. 150 மீட்டர் அகல ஆற்றைக் கடக்க அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வள்ளம் நடு ஆற்றை எட்டுவதற்குள் பந்தயப் படகு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்திருக்கும். கிளம்பும்போது கண்ணுக்கு எட்டியவரை படகே இல்லை என்பது இங்கே எந்த உறுதியும் தராது. "பார்த்துப் போங்க" என்று சொல்லி அனுப்புகிற ஏற்பாடு இதனால்தான் உதவாது.

கீழே வருவது கேரள-தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, கொல்லங்கோடு, பொழியூர், பூவாறு வட்டாரத்தில், நெய்யாறு கடலோடு சேருகிற மாதிரியான நீரை மனதில் வைத்து எழுதியது. பெரிய ஆறுகளுக்கு அளவுகள் மாறும், முறை மாறாது.

எந்த நீரில் எந்தப் பந்தயம்

2018 நவம்பரில் விஜயவாடாவில் கிருஷ்ணா நதியில் எஃப்1 எச்2ஓ என்ற சர்வதேசப் பவர்போட் பந்தயம் நடந்தது. பிரகாசம் தடுப்பணை 1.2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதற்கு மேலே தேங்கி நிற்கும் தண்ணீர் அவ்வளவு அகலம் தருகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் படகுகளைச் சுற்றவிட அந்த மாதிரி இடம் வேண்டும். பூவாறு காயலில் அதை நினைக்கவே கூடாது. இங்கே பொருந்துவது சிறிய வகைப் படகுகளை ஒவ்வொன்றாக நேர்கோட்டில் ஓடவிட்டு நேரம் எடுப்பது, அல்லது வெளி எஞ்சின் வைத்த வள்ளங்களின் சின்னச் சுற்று. ஏற்பாட்டாளர் சுற்றுப் பந்தயம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வேறு நீர் தேடச் சொல்வது நல்லது.

ஆந்திர எல்லையில் பழவேற்காடு ஏரி பார்வைக்கு விசாலம். ஆனால் பெரும்பகுதி இடுப்பளவு ஆழம்கூட இல்லை, பறவைகள் சரணாலயம், ஊர் முழுக்க மீனையும் இறாலையும் நம்பிய பிழைப்பு. அங்கே கேட்கவே வேண்டாம்.

பூவாறு மாதிரி இடத்தில் நாள் குறிப்பதைப் பொழிதான், அதாவது ஆறு கடலில் சேரும் வாய்தான், தீர்மானிக்கிறது. மணல்திட்டு அடைந்து பொழி மூடியிருந்தால் தண்ணீர் ஏறக்குறைய நிற்கும், மட்டம் உயரும். திறந்திருந்தால் கடலின் ஏற்ற இறக்கத்தோடு ஓட்டம் திசை மாறிக்கொண்டே இருக்கும். இரண்டிலும் பந்தயம் நடத்தலாம். நடத்தக் கூடாதது, அடைந்த பொழியை வெட்டித் திறக்கிற வாரம். தேங்கிய தண்ணீர் முழுதும் ஒரே இழுப்பில் கடலுக்குப் போகும்போது மிதவை, படகு, ஆள் எல்லாம் அதோடு போகும். பொழி வெட்டும் திட்டம் இருக்கிறதா என்று நீர்ப்பாசனத் துறையில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அதே கையோடு நெய்யாறு அணையின் ஷட்டர் பற்றியும் கேளுங்கள். ஷட்டர் உயர்ந்தால் ஓட்டம் மட்டும் அதிகமாகாது, தென்னந்தடி, மூங்கில், ஆகாயத்தாமரைக் கூட்டம் எல்லாம் இறங்கிவரும். ஜனவரி, பிப்ரவரி இந்தக் கரைக்கு நல்ல மாதங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் எந்த உத்தரவாதமும் இல்லை.

அடைப்பதற்கு முன் எண்ணுங்கள்

வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன் ஒரு வார நாளும் ஒரு ஞாயிறும் விடியற்காலை ஐந்து மணி முதல் இருட்டும் வரை கரையில் ஆள் உட்கார்ந்து எண்ண வேண்டும். எத்தனை படகு என்பது மட்டும் போதாது. எங்கிருந்து, எங்கே, எதற்கு, எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும். கடவில் (படகுத்துறையில்) ஆட்களை அக்கரை சேர்க்கும் தோணி, சுற்றுலாப் படகுகள், மிதக்கும் விடுதிக்குச் சாப்பாடும் துணியும் கொண்டுபோகும் படகு, வலைக்குப் போகிற வள்ளம், தூண்டில்காரர், தேங்காயும் மட்டையும் ஏற்றுவோர், துணி துவைக்கவும் குளிக்கவும் இறங்குவோர் என்று பட்டியல் நீளும். இவர்களில் ஒவ்வொருவருக்கும் பந்தய நேரத்தில் மாற்று என்ன என்று எதிரே எழுதுங்கள். மாற்று இல்லாத வரிதான் அன்றைக்குத் தடையை மீறிப் போகும் படகு.

பக்கவாட்டு வாய்கள் எப்போதும் மறக்கப்படும். பூவாறில் ஏ.வி.எம். கால்வாய் வந்து சேருகிறது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்க 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி முழுமையடையாமல் போன கால்வாய் அது. இப்போது பல இடம் தூர்ந்து கிடந்தாலும் வாய்ப்பகுதியில் சின்னப் படகு நுழையும். அலையாத்தி மரங்களுக்கு இடையே இருக்கும் ஓடைகளும் அப்படியே. மறைவிலிருந்து நேராகப் பந்தயப் பாதையில் வந்து முளைக்கும் படகை யாராலும் தடுக்க முடியாது. ஆகவே இப்படி ஒவ்வொரு வாய்க்கும் ஒரு காவல் படகு தனியாக ஒதுக்குங்கள்.

நான்கு வகை நீர்

நீர்ப்பரப்பைப் பந்தய நீர், அதைச் சுற்றிக் காலி நீர், பார்வையாளர் நீர், காத்திருக்கும் நீர் என்று நான்காகப் பிரியுங்கள். அமெரிக்கக் கடலோரக் காவல் படை பந்தயங்களுக்குப் போடும் தனி விதிகளிலும் பந்தயப் பகுதி, இடைவெளிப் பகுதி, பார்வையாளர் பகுதி என்ற பிரிவினைதான் வரும். ரோந்துக்கு என்று ஒரே ஒரு தளபதி இருப்பார். புதிய பந்தயத்துக்கு 135 நாள் முன்பே விண்ணப்பம் கேட்கிறார்கள். நம் ஊரிலும் நான்கு மாதம் முன்பே தொடங்கினால்தான் நிம்மதி.

காலி நீரை எல்லாப் பக்கமும் ஒரே அகலமாக வரைவது வழக்கமான தவறு. திருப்பத்தில் கட்டுப்பாடு இழக்கும் படகு வளைவோடு போகாது. இழந்த இடத்திலிருந்து நேராகப் போகும். அதனால் திருப்பத்தின் வெளிப்பக்கத்தில், படகு வந்த திசையின் நீட்சியில், அகலம் மிகுதியாக வேண்டும். 120 கிலோமீட்டர் வேகத்துக்கு அங்கே குறைந்தது 100 மீட்டர் வெறும் தண்ணீர் இருக்கட்டும். அதற்கு அப்பால் மணல் கரை என்றால் கரையிலும் ஆள் நிற்கக் கூடாது. நேர்ப்பகுதியின் பக்கவாட்டில் இதைவிடக் குறைத்துக்கொள்ளலாம். பார்வையாளர் படகுகளைத் திருப்பத்தின் உள்பக்கத்துக்கு நேரேயோ நேர்ப்பகுதியின் தொடக்கத்திலோ வையுங்கள். படம் எடுப்பவர்கள் எப்போதும் வெளிப்பக்கத்தைத்தான் கேட்பார்கள், அங்கேதான் படம் நன்றாக விழும். கொடுக்காதீர்கள்.

பார்வையாளர் படகு தனி ஆபத்து. 2009 செப்டம்பர் 30இல் தேக்கடியில் கவிழ்ந்த படகில் 45 பேர் இறந்தார்கள், 2023 மே 7இல் தானூரில் 22 பேர். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது இரண்டிலும் பேசப்பட்டது. பந்தயப் படகு கடக்கும் நொடியில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள் என்பதால், பந்தய நாளில் உரிமத்தில் உள்ள எண்ணிக்கையில் பாதிக்கு மேல் ஏற்றக் கூடாது. மேல்தளம் காலி. முன்னும் பின்னும் நங்கூரம் போட்டோ தண்ணீரில் நட்ட குற்றியில் கட்டியோ நிற்க வேண்டும், எஞ்சினை ஓடவிட்டு மிதந்து நிற்பது கூடாது. மிதவை அங்கி இருக்கைக்கு அடியில் இருந்தால் இல்லாத மாதிரிதான், உடம்பில் இருக்க வேண்டும்.

அனுமதியும் அறிவிப்பும்

ஆற்றை அடைக்கும் அதிகாரம் பந்தயக் குழுவுக்குக் கிடையாது. மாவட்ட ஆட்சியரின் உத்தரவு வேண்டும். பொது இடத்தில் தடை போட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு அவருக்கு இடம் தருகிறது, பழைய 144தான் அது. படகுகளின் பதிவும் தகுதிச் சோதனையும் 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன, கேரளத்தில் அதைப் பார்ப்பது மாரிடைம் போர்டு. இவற்றோடு நீர்ப்பாசனத் துறை, மீன்வளத் துறை, தீயணைப்பு மீட்புப் படை, உள்ளூர்க் காவல் நிலையம், கடலோரக் காவல் நிலையம், பஞ்சாயத்து. உத்தரவில் தேதி, அடைக்கும் நேரம், திறக்கும் நேரம், எல்லையை அடையாளம் காட்டும் கரைக்குறிகள் நான்கும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "பூவாறு காயலில்" என்று மட்டும் இருக்கும் உத்தரவை வைத்துக்கொண்டு காவலர் யாரையும் நிறுத்த முடியாது.

எல்லைக்கு இந்தப் பக்கம் நீரோடி முதலான ஊர்களின் வள்ளங்களும் அந்த நீருக்கு வரும் என்பதால் கன்னியாகுமரி மாவட்ட மீன்வளத் துறைக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். ஆனால் கடிதம் மீனவரிடம் சேராது. கடற்கரை ஊர்களில் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் வாசிக்கப்படும் அறிவிப்புதான் சேரும். பங்குத்தந்தையையும் பங்குப் பேரவையையும் இரண்டு ஞாயிறு முன்பே பாருங்கள். பூவாறில் ஜமாஅத்தையும் பாருங்கள், வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் அறிவிப்பும் ஓட்டமும் மோதாமல் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் தமிழிலும் மலையாளத்திலும், ஒரே தாளில், நேரத்தைப் பெரிய எழுத்தில். வலை எடுக்கவேண்டிய நேரம், அன்றைய நாள் பிழைப்புக்கு என்ன தரப்படும், யார் தருவார், எங்கே என்பவற்றையும் அதிலேயே போட்டுவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும். பணத்தைப் பந்தயத்துக்கு முதல் நாளே கொடுப்பது நல்லது.

நேர அட்டவணை

முழுநாள் அடைப்பு எழுதுவதற்கு எளிது, நடத்துவதற்குக் கடினம். காலை எட்டு மணிக்கு அடைத்து மாலை ஐந்துக்குத் திறப்போம் என்றால் பதினொரு மணிக்கே ஓடை வழியாக ஆள் நுழையத் தொடங்குவார்கள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கலியாணம் என்று எல்லாம் உண்மையான காரணமாகவே இருக்கும். 45 நிமிடம் அடைப்பு, 30 நிமிடம் திறப்பு என்று மாற்றி மாற்றி வைத்தால் யாரும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள்.

திறப்பு நேரத்தின் கணக்கில்தான் பலர் வழுக்குகிறார்கள். அடைக்கும் பகுதியின் நீளம் 1.2 கிலோமீட்டர் என்று வையுங்கள். 8 கிலோமீட்டர் வேக வள்ளம் அதைத் தாண்ட 9 நிமிடம் எடுக்கும். எனவே 30 நிமிடத் திறப்பில் கடைசிப் படகை உள்ளே விடுவது இருபதாவது நிமிடம். இருபத்தெட்டாவது நிமிடம் கையைக் காட்டி அழைத்துவிட்டால் அடைக்கும் நேரத்தில் அவர் நடுவில் இருப்பார். துடுப்பு வள்ளம் எதிர் ஓட்டத்தில் வந்தால் இன்னும் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் காவல் படகு கட்டி இழுத்துவர வேண்டும்.

இரு பக்கமும் படகுகள் காத்திருந்தால் ஓட்டத்தோடு இறங்கிவருபவற்றை முதலில் விடுங்கள். அவற்றுக்கு நிற்பதும் திரும்புவதும் கடினம், காத்திருக்கும்போதே இழுத்துக்கொண்டு வரும். அவை கடந்தபின் எதிர்ப்பக்கத்தைத் திறக்கலாம். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் திறந்தால், சுற்றுலாப் படகுகள் போட்டி போட்டுக்கொண்டு குறுகலான இடத்தில் முட்டிக்கொள்ளும்.

பந்தயம் தாமதமானால் அடைப்பை நீட்டாதீர்கள், சுற்றுகளைக் குறையுங்கள். ஒருமுறை பத்தேகாலுக்குத் திறப்பதாகச் சொல்லிப் பத்தேமுக்காலுக்குத் திறந்தால் அதற்குப் பிறகு உங்கள் எந்த நேரத்தையும் ஆற்றில் யாரும் நம்பமாட்டார்கள். அமைச்சர் வரத் தாமதம் என்ற காரணம் மேடையில் எடுபடலாம், கடவில் எடுபடாது.

வாயில்

ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி அடைக்கும் யோசனை எங்காவது ஒரு கூட்டத்தில் கண்டிப்பாக வரும். தாழ்ந்த கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றும், உயர்ந்த கயிறு வள்ளத்தில் நிற்பவரின் கழுத்துக்கு வரும், வெயில் எதிரே அடித்தால் எந்தக் கயிறும் கண்ணுக்குத் தெரியாது. ஆளில்லாத கயிறு தடையே அல்ல. வாயில் என்பது படகும் ஆளும்.

அதை எங்கே வைப்பது? பந்தய நீரின் விளிம்பில் அல்ல. நொடிக்கு ஒரு மீட்டர் ஓட்டத்தில் எஞ்சின் நின்றுபோன படகு 300 மீட்டரை ஐந்து நிமிடத்தில் மிதந்து கடந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் காவல் படகு போய்க் கயிறு எறிந்து கட்டி இழுக்க முடியும். 100 மீட்டரில் வைத்தால் கிடைப்பது ஒன்றரை நிமிடம் சொச்சம், அது போதாது. ஆகவே மேல்வாயில் குறைந்தது 300 மீட்டர் தள்ளி, அதுவும் படகு வளைந்து திரும்பக்கூடிய அகலமும் கட்டி நிற்கக் குற்றிகளும் உள்ள இடத்தில். பொழி திறந்திருந்தால் ஏற்றத்தின்போது ஓட்டம் உள்நோக்கி வரும் என்பதால் கீழ்வாயிலுக்கும் அதே தூரம்.

ஒவ்வொரு வாயிலிலும் இரண்டு படகு வேண்டும். ஒன்று நடுவில் நின்று நிறுத்தும், மற்றது நழுவுபவரைத் துரத்தவும் பழுதானவரை இழுக்கவும். ஒரே படகு இருந்தால் அது துரத்திப் போகும் நேரத்தில் வாயில் திறந்து கிடக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு, கால்வாய் வாய்க்கு ஒன்று, கடவுக்கு ஒன்று, பாதையைச் சுத்தம் பார்க்க ஒன்று, மாற்றுக்கு ஒன்று என்று காவலுக்கு மட்டும் எட்டு. மீட்புப் படகுகள் இதில் சேராது. அவற்றை எந்தக் காரணத்துக்கும் காவல் வேலைக்கு இழுக்கக் கூடாது.

படகில் இருப்பவர் யார் என்பது படகைவிட முக்கியம். உள்ளூர் வள்ளக்காரர்களையே கூலிக்கு அமர்த்துங்கள், கூட ஒரு காவலரை ஏற்றுங்கள். யார் எங்கே நுழைவார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பேச்சும் எடுபடும்: "பத்தேகாலுக்குத் தொறக்கும் அண்ணே, இந்தக் குற்றியில கட்டிக்கிடுங்க. தண்ணி வேணுமா?" என்பதில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, மரியாதை இருக்கிறது. விசில் அடித்துக் கையை ஆட்டினால் பதிலுக்கு வசவுதான் வரும். காத்திருக்கும் இடத்தில் நிழலும் குடிதண்ணீரும் வையுங்கள், பிப்ரவரி வெயிலே தாங்காது.

காவல் படகு ஒவ்வொன்றிலும் இழுவைக் கயிறு 15 மீட்டர், கயிறு அறுக்கக் கத்தி, துடுப்பு, விசிறியை மாட்டும் பின் (ஊசி) மாற்றுக்கு ஒன்று, எஞ்சின் நிறுத்தும் கயிறு இன்னொன்று, கையால் ஊதும் ஹாரன், பெரிய சிவப்புக் கொடி. நாள் முழுக்க மெல்ல ஓடும் எஞ்சினுக்கு ஆகாயத்தாமரைதான் எமன். குளிர்நீர் எடுக்கும் துளையை வேர் அடைத்து எஞ்சின் சூடாகும். பின்னால் பீச்சும் தண்ணீர் மெலிந்துவிட்டதா என்று அரை மணிக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். எரிபொருள் நிரப்புவது திறப்பு நேரத்தில், கரையில், ஆள் இறங்கிய பிறகு.

மிதவைகள்

பந்தயத் திருப்பக் குறிகளுக்குக் காற்றடைத்த ஆரஞ்சு மிதவை, மோதினாலும் படகு உடையாது. எல்லைக்கு மஞ்சள், 50 மீட்டருக்கு ஒன்று. சிவப்பும் பச்சையும் தவிர்க்கவும். கடலிலிருந்து உள்ளே வருபவருக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்பது இந்தியாவில் வழித்தடக் குறி, மீனவர் அதைப் பார்த்து உள்ளே வந்துவிடுவார்.

எடைக்கல்லில்தான் கணக்கு தப்பும். கரையில் 100 கிலோ இருக்கும் கான்கிரீட் கட்டி தண்ணீருக்குள் 58 கிலோதான் இருக்கும். 50 கிலோ மணல் மூட்டை 31 கிலோ. ஓட்டத்தின் வேகம் இரட்டிப்பானால் மிதவையை அது இழுக்கும் விசை நான்கு மடங்காகும். காலையில் அசையாமல் நின்ற மிதவை இறக்கம் வலுக்கும் பிற்பகலில் நகர்ந்துபோவதற்கு இதுவே காரணம். மணல் மூட்டை என்றால் சாக்கை இரட்டையாகப் போடுங்கள், ஒற்றைச் சாக்கு சிப்பி ஓட்டில் உரசிக் கிழிந்து மணல் கொட்டிவிடும்.

3 மீட்டர் ஆழத்தில் 6 மீட்டர் கயிறு விட்டால், ஓட்டம் இழுக்கும்போது மிதவை எடைக்கல்லிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கும். ஓட்டம் திசை மாறினால் எதிர்ப்பக்கம் 5 மீட்டர். ஆக, ஒரே மிதவை 10 மீட்டர் இடம் மாறும். எல்லைக்கு இது பரவாயில்லை. திருப்பக் குறிக்கு இரண்டு எடைக்கல், ஒன்று மேலோட்டத்தில் ஒன்று கீழோட்டத்தில். கடையில் கிடைக்கும் மஞ்சள், நீலப் பிளாஸ்டிக் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், தண்ணீரில் மிதக்கும். தளர்ந்த கயிறு மேலே பாம்பாக மிதந்து விசிறியில் சுற்றும். நைலான் வாங்குங்கள், அது மூழ்கும். இல்லையென்றால் மிதவைக்குக் கீழே ஒன்றரை மீட்டரில் ஒரு சின்ன ஈயக் குண்டு கட்டுங்கள்.

முதல் நாள் மாலை மிதவை இறக்கிவிட்டு ஆள் இல்லாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. இரவில் வலைக்குப் போகும் வள்ளம் அதில் முட்டும், அல்லது மிதவையே காணாமல் போகும். விளக்கும் காவலும் வையுங்கள், அல்லது விடிந்தபின் இறக்குங்கள்.

செய்தியும் கொடியும்

கூட்டம் சேர்ந்தால் செல்போன் வேலை செய்யாது, அதை நம்பி எதையும் எழுதாதீர்கள். உரிமமுள்ள வாக்கி-டாக்கி, ஒரே அலைவரிசை, ஒரே தளபதி. அவர் மேடையில் உட்காரக் கூடாது, பாதை முழுதும் தெரியும் உயரத்தில் நிற்க வேண்டும். "மேல்வாயில் அடைத்தாச்சு" என்று வாயிலிலிருந்து வந்தால் தளபதி அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். மேல், கீழ், கால்வாய், கடவு, சுத்தம் பார்த்த படகு, மீட்பு, ஆம்புலன்ஸ் என்று எல்லாரும் சொல்லி, தாளில் குறித்த பிறகே தொடக்கக்காரருக்குச் சைகை. ஒருவர் பதில் வரவில்லை என்றால் பந்தயம் இல்லை. பதில் வராதது பேட்டரி தீர்ந்ததாலாக இருக்கலாம், அந்த வாயிலில் ஒரு படகு நுழைந்துவிட்டதாலும் இருக்கலாம். இரண்டையும் இங்கிருந்து பிரித்தறிய முடியாது.

நிறுத்தும் அதிகாரம் மட்டும் எல்லாருக்கும் உண்டு. எந்த வாயிலில் இருப்பவரும் சிவப்புக் கொடியை உயர்த்திக் குரல் கொடுத்தால் கேள்வி கேட்காமல் பந்தயம் நிற்க வேண்டும். ஓட்டுநர்களுக்கு எஞ்சின் சத்தத்தில் ஹாரன் கேட்காது, ஆகவே பாதையின் ஒவ்வொரு பகுதியிலும் கண்ணில் படும்படி ஒரு சிவப்புக் கொடி இருக்க வேண்டும். பிரசவ வேதனையில் ஒரு பெண்ணை அக்கரையிலிருந்து கொண்டுவர வேண்டும் என்றால் அதற்கும் இதே கொடிதான். பந்தயத்துக்கு முன் ஒருமுறை இதை ஒத்திகை பாருங்கள், கொடி எழுந்ததிலிருந்து கடைசிப் படகு மெதுவாகும்வரை எத்தனை நொடி என்று அளந்து எழுதுங்கள்.

அலை

பந்தயப் படகு முழு வேகத்தில் தண்ணீரை மேலோட்டமாகத் தொட்டுப் போவதால் பெரிய அலை எழுப்பாது. அலையை எழுப்புவது அரை வேகத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் காவல் படகும் பத்திரிகையாளர் படகும். எந்தப் படகும் தண்ணீரைத் தள்ளுவதிலிருந்து தண்ணீர்மேல் ஏறுவதற்கு மாறும் அந்த வேகத்தில்தான் அலை உச்சம். கருங்கல் சுவர் கட்டிய கரையில் அலை அடங்காமல் திரும்பித் திரும்பி வரும். அடுத்த ஓட்டத்தின் படகு அதில் தூக்கி அடிக்கப்படும். அடைப்பு நேரத்தில் காவல் படகுகள் நடக்கும் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, அவசரம் தவிர. கடைசிப் படகு நகர்ந்தபின் ஐந்து நிமிடமாவது தண்ணீர் படியவிட்டுத் தொடங்குங்கள்.

படகு கவிழ்ந்தால்

ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு மீட்புப் படகு, அதில் முக்குளிப்பவர் இருவர், எஞ்சின் ஓடும் நிலையில். எங்கிருந்து கிளம்பினாலும் ஒரு நிமிடத்துக்குள் சேரும் தூரம். கவிழ்ந்த படகைக் கீழோட்டத்திலிருந்து அணுக வேண்டும். மேலோட்டத்திலிருந்து வந்தால் ஓட்டம் மீட்புப் படகைத் தண்ணீரில் இருப்பவர் மேலேயே தள்ளும். ஆள் அருகில் வந்ததும் எஞ்சின் நிற்க வேண்டும். தண்ணீரில் பெட்ரோல் பரவியிருக்கும், பீடியும் சிகரெட்டும் எந்தப் படகிலும் கூடாது. ஆம்புலன்ஸ் இரண்டு வேண்டும். ஒன்று நோயாளியோடு கிளம்பினால் இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் மறு ஓட்டம். படகுத்துறையிலிருந்து பெரிய சாலைவரை வண்டி நிறுத்தத் தடை போடுவது இதற்காகத்தான், அதைப் போலீஸ் முந்தைய நாளே செய்ய வேண்டும்.

திறப்பதும் முடிப்பதும்

கடைசி ஓட்டம் முடிந்தது என்பதற்காக வாயிலைத் திறக்காதீர்கள். உள்ளே போன பந்தயப் படகுகள் எத்தனையோ அத்தனையும் கரையேறியதா என்று எண்ணுங்கள். பழுதாகி ஓடை ஓரத்தில் ஒதுங்கிய ஒன்று திரும்ப முழு வேகத்தில் வரும் சம்பவம் நடக்கக்கூடியது. பிறகு சுத்தம் பார்க்கும் படகு பாதை முழுதும் ஒருமுறை போய் உடைந்த துண்டு, அறுந்த கயிறு, மிதக்கும் தடி எல்லாவற்றையும் அள்ள வேண்டும். பார்வையாளர் படகுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்து கிளம்பினால் அலையும் நெரிசலும் அங்கேதான்.

வலை கிழிந்தது, குற்றி சாய்ந்தது என்று வரும் புகார்களை அன்றே, கரையிலேயே, படம் எடுத்து எழுதி வாங்குங்கள். எடைக்கற்களை இறக்கியபோது எண் போட்டு, இடத்தைக் குறித்து வைத்திருப்பீர்கள். எடுக்கும்போது அதே தாளில் ஒவ்வொன்றாக அடியுங்கள். சேற்றில் புதைந்து வராதது இருந்தால் அதன்மேல் ஒரு காலி கேன் கட்டி மிதக்கவிட்டு, அன்று மாலை வலைக்குப் போகும் முன் கடவில் இருப்பவர்களிடம் இடத்தைக் காட்டிவிடுங்கள். மறுநாள் இறக்கத்தில் முக்குளிப்பவரை வைத்து எடுத்துக்கொள்ளலாம்.